அம்மா சுற்றிவிட்ட காற்று

பெரிய மாமா துபாயிலிருந்து வரும்போது தங்கச் சங்கிலி கொண்டுவருவார் என்று அம்மா எதிர்பார்த்திருந்தாள். அவர் கொண்டுவந்தது காற்றளக்கும் கருவி. மொட்டைமாடியில் கம்பி நட்டு, அதன் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்களைச் சுழலும்படி மாட்டினார். கூடத்துச் சுவரில் அதன் திரை. மேலே தெரிவது காற்றின் சராசரி வேகம். கீழே தெரிவது, சற்று முன்வரை அடித்த வீச்சுகளிலேயே பெரியது.

கடலில் சங்கு குளிக்கப் போகும் அப்பாவுக்கு அந்தக் கீழ் எண்தான் வேதவாக்கு. "ஏளா, மேல உள்ளது தாலாட்டும். கீழ உள்ளதுதான் வள்ளத்தக் கவுக்கும்" என்று எனக்குப் பாடம் நடத்துவார். அது நாற்பதைத் தாண்டினால் போகமாட்டார். காற்றுக்கு மட்டும்தான் அடங்குவார். உடம்பு முடியவில்லை என்று கரையில் நின்றவனைக் கூட்டாளிகள் ஆயுசுக்கும் கேலி செய்வார்கள்.

ஒருநாள் அவர் தலையணையில் ரத்தம். காதிலிருந்து வந்தது. கடலுக்குப் போகவேண்டாம், டாக்டரிடம் போவோம் என்று அம்மா கெஞ்சினாள், அழுதாள். "ஒண்ணுமில்ல, போளா" என்றுவிட்டார். மறுநாள் விடிகிற நேரம், அவர் குளியலறைக்குள் போனதும் அம்மா மாடிக்கு ஓடினாள். "அப்பா வெளிய வந்தா இருமு" என்று எனக்கு உத்தரவு.

திரை முன் நின்றேன். மேலே நான்கு, கீழே ஆறு. அம்மா கிண்ணங்களைக் கையால் சுண்டிவிட்டிருக்க வேண்டும், கீழ் எண் சட்டென்று நாற்பத்தாறு ஆனது. அதே நேரம் குளியலறைக் கதவும் திறந்தது. பயத்தில் எனக்கு இருமலே வரவில்லை.

அப்பா தலையைத் துவட்டியபடி திரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே மாதா கோயில் கொடியைப் பார்த்தார். அது கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஏலே, காத்து சரியில்ல. இன்னைக்கி நான் வரல."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "மிஷின் காட்டுதுலே!" என்று அதட்டினார்.

அம்மா படியிறங்கி வந்தாள். "துணி எடுக்கப் போனியா?" என்று கேட்டார். வெறுங்கையோடு நின்றவள், "ஆமா" என்றாள்.

"சரி, சும்மாதான இருக்கேன். காது டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பார்த்தபோதும் திரையில் மேல் எண் நான்கிலேயே நின்றது. அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அம்மாவுக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்தது, கரையில் நிற்க ஒரு காற்று வராதா என்று அவரும் ஏங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.