யாரை என்று சொல்லவில்லை

எங்கள் கல்லூரியில் பேச்சுப் பயிற்சிக்கென்று கட்டியிருக்கும் கண்ணாடி அறையில், "அதை அவன் மாத்திட்டான் மேம்" என்று தொடங்கும் மாணவியை முதலிலிருந்து சொல்லவைக்கும்போதெல்லாம், அங்குள்ள ரெக்ஸின் வாசனை என்னைப் பாலக்கரையில் இன்று இல்லாமற்போன ஒரு டெலிபோன் பூத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. வெள்ளிதோறும் பள்ளி விட்டு வந்ததும், உள்சுவரில் ரெக்ஸின் ஒட்டிய, புழுங்கும் அந்தச் சிறு கூண்டில், மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி, துபாயில் வேலை பார்த்த என் தந்தையிடம், எங்கள் வழக்கில் அத்தாவிடம், நானும் அம்மாவும் மாறி மாறிப் பேசுவோம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கையில் ஒருநாள் தனியாகப் போக நேர்ந்தது. அத்தாவின் குரல் கேட்டதும், "ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க அத்தா! கண்ணே தொறக்கல. அம்மா அங்கதான் அழுதுக்கிட்டு இருக்காங்க" என்று படபடத்தேன். "யாரைம்மா?" என்று அவர் கேட்கும்போதே லைன் அறுந்தது.

பூத்தை நடத்திய செல்வி அக்கா கதவைத் திறந்தார். "அடிப்பாவி, யாருன்னே சொல்லலையேடி! உன் தம்பின்னு நெனச்சு அங்க மனுஷன் துடிச்சுப் போயிருப்பாரே!"

எனக்குத் தெரிந்தது அத்தாவுக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன். வரிசையில் நின்றவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு, அக்கா திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் ரிசீவரை என் கையில் திணித்தார்.

"அத்தா, நம்ம வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம். தம்பி விளையாடிக்கிட்டு இருக்கான். பக்கத்து வீட்டு சரோஜாம்மாவைத்தான் சேர்த்திருக்காங்க."

 அத்தா உடைந்த குரலில், "சரோஜாம்மாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்.