மீதமிருந்தால் ஏறலாம்

செபாஸ்டியனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, விமான நிலையத்தின் ஸ்டான்ட்பை கவுன்டர் முன்னால், பக்கத்தில் நின்ற மனைவி பாக்கியத்துக்கே கேட்காத அளவுக்கு அவர் குரல் இறங்கியிருந்தது.

இது மூன்றாவது நாள். வெள்ளிக்கிழமையும் வந்தார்கள், சனிக்கிழமையும் வந்தார்கள். இரண்டு நாளும் பெட்டியை இழுத்துக்கொண்டு பண்டமாரான் வீட்டுக்கே திரும்பினார்கள். இன்று இடம் கிடைக்காவிட்டால் அப்புறம் போவதில் பொருளில்லை. பெர்த்தில் இருக்கும் மகள் சாண்ட்ராவுக்கு அடுத்த வாரம் என்று வைத்திருந்த பிரசவ ஆபரேஷனை டாக்டர் நாளைக் காலைக்கே மாற்றிவிட்டார். மருமகன் ஷான் சுரங்க வேலைக்காரர். பாலைவனத்துக்குள்ளிருந்து செவ்வாய்க்கிழமைக்கு முன் வெளியே வர வழியில்லை. மூன்று வயது மூத்தவனை யாரிடம் விட்டுவிட்டு சாண்ட்ரா ஆஸ்பத்திரிக்குப் போவாள்? அம்மா வந்தாக வேண்டும்.

அவர்கள் கையில் டிக்கெட் என்று ஒன்று இருந்தது. ஆனால் அது காசு கொடுத்தவர்களின் டிக்கெட் அல்ல. காசு கொடுத்த பயணிகள் அத்தனை பேரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால், விமானக் கம்பெனி ஆட்களும் அவர்கள் குடும்பமும் வரிசைப்படி ஏறலாம். மிஞ்சாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

செபாஸ்டியன் பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து, இருபத்தோராவது வயதில் சுபாங் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஆளாகச் சேர்ந்தார். லோட் கன்ட்ரோல் அறையில் கழித்துப் போட்ட தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, சாப்பாட்டு வேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகினார். ஆள் எடை, பெட்டி எடை, சரக்கு எடை, எரிபொருள் எடை எல்லாம் கூட்டி, பாரம் விமானத்தின் முன்பக்கம் நிற்கிறதா பின்பக்கம் நிற்கிறதா என்று எழுதி, விமானியிடம் கையெழுத்து வாங்குகிற தாள் அது. ஏழாவது வருஷம் அந்த அறைக்குள்ளேயே அவருக்கு நாற்காலி கிடைத்தது. முப்பத்தாறு வருஷ வேலையில் அவர் எழுதிய தாள் ஒன்றைக்கூட எந்த விமானியும் திருப்பி அனுப்பியதில்லை.

அந்தக் காலத்தில் ஸ்டான்ட்பை வரிசைக்கு ஒரே அளவுகோல்தான்: நீ எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாய்? வேலையில் இருந்தாலும் ஓய்வு பெற்றிருந்தாலும் முன்னால் சேர்ந்தவன் முன்னால் ஏறுவான். இவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் சுற்றறிக்கை வந்தது. வேலையில் இருப்பவர்கள் முதலில். அடுத்து அவர்கள் மனைவி, பிள்ளை, பெற்றோர். அதற்கடுத்து, ஊழியர் தன் பெயரில் பதிந்து வைக்கும் ஒரு நண்பர். அதற்கும் கீழேதான் ஓய்வு பெற்றவர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஓய்வு பெற்றோர் சங்கம் கூடியபோது இதைப் பற்றித்தான் பேச்சு. சங்கச் செயலாளர் பக்கிரிசாமி, "எச்.ஆர். ஒரே வார்த்தைல முடிச்சிட்டான். இது சலுகை லா, உரிமை இல்லைங்கிறான்," என்றார்.

"சலுகையா?" என்று செபாஸ்டியன் எழுந்தார். "நாம சம்பளத்த ஏத்திக் கொடுன்னு கேட்டப்பெல்லாம் என்ன சொன்னான்? ஒங்களுக்குத்தான் டிக்கெட் இருக்கேன்னு சொன்னான். அப்ப அது சம்பளத்துல ஒரு பங்கு. வேலைய வாங்கிக்கிட்டு இப்ப சலுகைங்கிறான். வேலையில இருக்கிறவன் முன்னால போகட்டும், அவனுக்கு லீவு கொஞ்சம்தான், ஒத்துக்கறேன். அவன் கூட்டாளிக்கு என்னய்யா லீவு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

கவுன்டரில் இருந்த விஷ்ணுப்ரியா நல்ல பெண். மூன்று நாளாக இவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"அங்கிள், லிஸ்ட்ல பதினொரு பேரு. நீங்க எட்டு, ஆன்டி ஒம்போது."

"எத்தன சீட் காலி?"

"இப்ப சொல்ல முடியாது அங்கிள். ஸ்கூல் லீவு வேற."

பக்கத்தில் நின்ற ஒரு இளைஞன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "எட்டு காலி அங்கிள், ஆப்ல காட்டுது," என்றான். அந்தச் செயலி வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். விமானத்தில் எத்தனை இடம், எத்தனை கிலோ என்று முப்பது வருஷம் கம்பெனிக்குச் சொன்னவர் இப்போது கண்டவனிடமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் பெயர் ரிஷி. விளம்பரப் பிரிவில் இரண்டு வருஷம்.

"இந்தத் தம்பியும் கம்பெனியா?" என்று அவனோடு நின்றவனைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல அங்கிள், என் ஃப்ரெண்ட். புச்சோங்ல போன் கட வச்சிருக்கான்."

"எத்தனாவது ரெண்டு பேரும்?"

"நான் ஆறு, அவன் ஏழு."

"என்ன விசேஷம் பெர்த்ல?"

"சும்மா ஜாலிக்குத்தான் லா அங்கிள். பீச்சு, காப்பி. புதன்கெழம திரும்பிருவோம்."

செபாஸ்டியன் மனதுக்குள் எண்ணினார். எட்டு காலி, ஏழு பேர் முன்னால். கணக்கு அவருக்கு அப்போதே முடிந்துவிட்டது. இருந்தாலும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றார். தன் கணக்கு தப்பாக வேண்டும் என்று அவர் வேண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தப்பவில்லை. விஷ்ணுப்ரியா பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ரிஷிக்குப் போர்டிங் பாஸ் வந்தது. போன் கடைக்காரனுக்கும் வந்தது. பிறகு அவள் தலையை நிமிர்த்தாமலே, "அங்கிள், ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. ஒங்க பேருக்கு," என்றாள்.

"என் பொண்டாட்டிக்குப் போடும்மா. அவதான் போகணும்."

"முடியாது அங்கிள். ரிட்டயர் ஆனவங்க வொய்ஃப் தனியா போக சிஸ்டம் விடாது. நீங்க கூட இருக்கணும்."

"ஒன் வீட்டுக்காரர் தனியா போகலாமா?"

"நான் வேலையில இருக்கேன்ல அங்கிள். போகலாம்." சொல்லிவிட்டு அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

பாக்கியம் ரிஷியிடம் திரும்பினாள். "தம்பி, என் மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன். கூட ஆளில்ல. ஒன் கூட்டாளிய சாயங்கால ஃபிளைட்ல வரச் சொல்றியா?"

ரிஷி முகம் சுருங்கியது. நண்பனைப் பார்த்தான். நண்பன் தரையைப் பார்த்தான்.

"ஹோட்டல் எல்லாம் கட்டியாச்சு ஆன்டி. ரூல் நான் போட்டதில்லயே."

அது உண்மைதான். அதனாலேயே செபாஸ்டியனுக்குக் கோபம் கூடியது. திட்டுவதற்குக்கூட அங்கே ஆளில்லை. ரூலைப் போட்டவன் எங்கோ மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருப்பான்.

"நீங்க போறீங்களா அங்கிள்? கவுன்டர் மூடணும்," என்றாள் விஷ்ணுப்ரியா.

"இவரு போயி என்ன செய்ய?" என்றாள் பாக்கியம். "சொந்தச் சட்டையோட பட்டனே எங்கிருக்குன்னு என்னையக் கேக்குற மனுசன். அடுத்த ஆளுக்குக் குடும்மா."

பத்தாவது பெயர் அந்த இடத்தில் ஏறிக்கொண்டது.

இருவரும் ஒரு தூணோரமாகப் போய் நின்றார்கள். செபாஸ்டியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் இன்னொண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் எப்பவும் லோட் கம்மி. கம்பெனியில இருக்கிற பக்கிரிசாமி மகன்கிட்ட கேட்டா..." என்று ஆரம்பித்தார்.

"போதும்," என்றாள் பாக்கியம்.

அவர் நிறுத்தினார்.

"மூணு நாளா ஒங்க கம்பெனிகாரன நீங்க திட்டுறதத்தான் கேக்குறேன். இப்ப என்னையக் கேளுங்க. என் தங்கச்சி புஷ்பவல்லி கல்யாணம் திருச்சியில. தாம்பூலத் தட்டோட ரெண்டு நாளு இதே மாதிரி ஒக்காந்திருந்தோம். சீட் கெடச்சி எறங்கினப்ப அவ மாமியார் வீட்டுக்குப் போயிட்டா. அப்ப நீங்க வேலையிலதான் இருந்தீங்க. அப்பவும் மிச்சந்தான். மிஞ்சினா நமக்கு, மிஞ்சலன்னா இல்ல. சாண்ட்ரா புதன்கெழமையே டிக்கெட் எடுக்கிறேன்னு சொன்னா. நீங்க என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவிருந்தது. முப்பத்தாறு வருஷம் உழைத்தவன் வெளியாள் மாதிரி டிக்கெட் வாங்குவதா என்று சொன்னார். அந்த வீட்டில் டிக்கெட் வாங்குவது என்பது தோற்றுப்போவது. விமான நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில் பாதிக்கு இந்த வியாதி உண்டு.

"அது என் உரிம, பாக்கியம்."

"ஒங்க உரிமதான். சண்ட போடுங்க, கேசு போடுங்க, நான் சோறு கட்டித் தர்றேன். என் மக வயித்த வச்சி போடாதீங்க."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் பாக்கியம் மகளைக் கூப்பிட்டாள். "சாண்ட்ரா, எனக்கு மட்டும் டிக்கெட் போடு. இன்னைக்கே. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவால்ல." அந்தப் பக்கம் மகள் ஏதோ கேட்டாள். "டேடி வரல. கோபமா இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு," என்று வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் அவள் கைப்பேசிக்கு டிக்கெட் வந்தது. மலிவு விமானம், மதியம் கிளம்புவது, அடுத்த டெர்மினல்.

இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஓடும் ரயிலில் பாக்கியம் பெட்டியைத் திறந்து ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, காலைக் கடித்த ஷூவை உள்ளே வைத்தாள். கம்பெனி டிக்கெட்டில் போகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது, ஒழுங்காக உடுத்த வேண்டும் என்பது விதி. காசு கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. செபாஸ்டியன் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலிவு விமானத்தின் பெட்டி கவுன்டரில் ஒரு மலாய்ப் பெண் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, வின்டோவா, ஐல் சீட்டா, எது வேணும்?" என்று மலாயில் கேட்டாள்.

பாக்கியத்துக்குப் புரியவில்லை. இதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. கணவரைப் பார்த்தாள். செபாஸ்டியன் வாய் தானாகத் திறந்தது. எது மிச்சமிருக்கோ அதைக் கொடும்மா என்று சொல்ல வந்தவர், பாதியில் பல்லைக் கடித்தார். முப்பத்தாறு வருஷம் அதே வாக்கியத்தைத்தான், அதே சிரிப்போடு, எத்தனையோ கவுன்டர்களில் சொல்லியிருக்கிறார். பிச்சைக்காரன் வாக்கியம். அதைத் தனக்குப் பழக்கிவிட்டவர்கள்மேல் வந்த கோபத்தில் அவருக்குக் காது அடைத்தது.

"ஐல்," என்றாள் பாக்கியம். "முன்னால இருந்தா நல்லது. எறங்கினதும் ஓடணும்."

அந்தப் பெண் சரி என்று அச்சடித்துக் கொடுத்தாள்.

பாதுகாப்பு வாசல்வரை செபாஸ்டியன் கூடவே போனார். "எறங்கினதும் போன் பண்ணு," என்றார்.

"சட்டையெல்லாம் ரெண்டாவது ட்ராயர்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு, பாக்கியம் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பக்கிரிசாமியைக் கூப்பிட்டார். "அடுத்த கூட்டத்துல நான் பேசணும், பேர எழுதிக்க. கூட்டாளி ரூல அப்புறம் பாக்கலாம். நம்ம பொம்பளைங்க தனியா போறதுக்கு என்ன தடைன்னு மொதல்ல கேப்போம்." அந்தப் பக்கம் பக்கிரிசாமி, கடிதம் எழுதலாம் லா என்றார்.

"கடிதாசி இல்ல," என்றார் செபாஸ்டியன். பக்கிரிசாமி, "என்ன, கேக்கல, சத்தமாச் சொல்லுங்க," என்றார். "எச்.ஆர். ஆபீசுக்கு நேர்ல போறோம். பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு."