மல்லாட்டை வீட்டார்

என் நிக்காஹ் நடந்தது திண்டிவனத்தில், யுத்த காலத்தில். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தார்கள். வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். திண்டிவனத்தில் எல்லோரும் முண்டியடித்து இறங்கிவிட்டார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் மாப்பிள்ளை இறங்கவில்லை என்று தெரிந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வாசலுக்கு வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டதாம். அடுத்த நிலையமான ஒலக்கூரில் இறங்கினார். திரும்பி வர வண்டி கிடையாது. திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர்.

"எங்க போய்க்கினு இருக்கீங்க, பாய்?" என்று வண்டிக்காரர் கேட்டிருக்கிறார்.

"கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

வண்டிக்காரர் மாடுகளை வேகமாகத் தட்டி ஓட்டினார். காலையிலிருந்து சாப்பிடாத மாப்பிள்ளைக்கு ஒரு மூட்டையின் வாயைத் தளர்த்தியும் விட்டார்.

எங்கள் வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நிக்காஹ் ஓதிவைக்க வந்த அஜ்ரத் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் உள் அறையில் பூவும் முக்காடுமாக வேர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் மாட்டுவண்டி நின்றது. என் தகப்பனாரின் அண்ணன், பெரியத்தா, எட்டிப் பார்த்து, "செக்கு பக்கத்துத் தெருவுல இருக்குதுப்பா. மல்லாட்டைய அங்க போய் எறக்கு" என்றார்.

மூட்டை மேலிருந்து மாப்பிள்ளை ஸலாம் சொன்னார்.

கறுப்புக் கோட்டெல்லாம் மல்லாட்டைத் தோல். எனக்கு இதையெல்லாம் ஓடி வந்து சொன்னவள் என் தங்கை. அதனால் சாட்சிகள் வந்து சம்மதமா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள். "சம்மதம்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அன்று சாயங்காலமே என் வீட்டார் அவரை மல்லாட்டை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். விழுப்புரத்துக்கு அந்தப் பேர் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் அவர் பேரிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆள் பிரித்துச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. தபால்காரர்கூட "மல்லாட்டை வூடு" என்றுதான் குரல் கொடுப்பார்.

என் மாமனாருக்கு இது பிடிக்கவே இல்லை. "நாங்க ராவுத்தருங்க. குதிரை ஏறின பரம்பரை" என்பார். அவர் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று மாமி என் காதில் சொன்னாள். நான் சோற்றுத்தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பேர் வைத்தது என் ஊர் அல்லவா.

பிறகு என் நாத்தனார்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனது. மூத்தவள் திண்டிவனம் போனாள், அடுத்தவள் கோட்டக்குப்பம். மருமகள் எந்த வீட்டுப் பெண் என்று ஊரார் கேட்கக் கேட்க, அந்த இரண்டு வீடுகளுமே மல்லாட்டை வீடாகிவிட்டன. அவர்கள் புருஷன்மாரின் அண்ணன் தம்பிகள் தனிக்குடித்தனம் போன இடங்களும் அப்படியே.

ஒருமுறை மாமனார் தன் மூத்த மகள் புதிதாகக் குடிபோன வீட்டைத் தேடித் திண்டிவனம் போனார். நல்ல வெயில். ராவுத்தர் வீடு எது என்று கேட்டால், "இந்தத் தெருவுல பாதி ராவுத்தர் வூடுதான், எந்த வூடு?" என்றார்களாம். மூன்று தெரு சுற்றினார். நெஞ்சு உலர்ந்துபோய் ஒரு பெட்டிக்கடையில் நின்று, மெதுவாக, "மல்லாட்டை வூடு" என்றார். கடைக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்து வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

விழுப்புரம் திரும்பியதும் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க ஊர்க்காரங்க நல்லாத்தான் பரப்பி வெச்சிருக்காங்க" என்றார். கோபமா என்று தெரியாமல் நின்றேன். செம்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

அடுத்த வருஷம் என் கொழுந்தனுக்கு முண்டியம்பாக்கத்தில் நிக்காஹ். அஜ்ரத், மாப்பிள்ளையின் தகப்பனார் பேரைச் சபையில் வாசித்தார். எந்த வீடு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மாமனார் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"விழுப்புரம் மல்லாட்டை ராவுத்தர் வூடு" என்றார்.

இரண்டையும் சேர்த்து யாரும் அதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டார் இன்றைக்கும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள்.