ஞானம்மாள் டீச்சர் சுருக்கிய நாடகம்

செய்தியை எங்கள் பள்ளி ஆயாதான் கொண்டுவந்தாள். நான் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றபடியே, "அம்மா, நம்ம பயந்தாங்கொள்ளி டீச்சரு போய்ட்டாங்களாம். சாந்தோம்லேர்ந்து ஆள் வந்துகீது" என்றாள். சொன்ன கையோடு முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டாள். 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல்லைக் கேட்டுச் சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் ஞானம்மாள் டீச்சரைப் பார்த்ததில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அந்தப் பட்டப்பெயர் புதிதல்ல. மாடு, நாய், இடி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரி என்று எதற்கும் பயப்படுவார். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். ஆனால் கடலைக் கண்டாலும் பயம். அவருடைய தகப்பனார் கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லை. தாயும் இரண்டு தங்கைகளும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். வகுப்பில் சுத்தமான தமிழ் பேசுவார். பயம் வந்துவிட்டால் மட்டும் குப்பத்துப் பேச்சு வந்துவிடும். அதைக் கொண்டே அவர் மனநிலையை நாங்கள் அறிந்துகொள்வோம்.

நான் சொல்வது அந்நியத் துணிக்கடை மறியல்கள் நடந்த வருஷம். தினமும் யாராவது அடிபட்டார்கள், யாராவது ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளுக்கு இடையே ஒரு நாடகப் போட்டி அறிவித்தார்கள். நாடகக் கம்பெனிகள் விடிய விடிய ஆடும் ஒரு பழைய சோக நாடகத்தை முக்கால் மணி நேரத்துக்குள் நடித்துக் காட்ட வேண்டும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பொய்ச் சாட்சியை நம்பி ஒரு ராஜா தன் தளபதியின் தலையை வெட்டச் சொல்கிறான். தளபதியின் தங்கை சபைக்கு வந்து நியாயம் கேட்கிறாள். உண்மையை உணர்ந்த ராஜா சிம்மாசனத்திலிருந்து விழுந்து இறக்கிறான்.

சுருக்கும் வேலையைத் தமிழ் டீச்சரான ஞானம்மாளிடம் தந்தார்கள். பிரதி எடுத்து உதவ, அப்போது புதிதாக வேலைக்கு வந்திருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். பள்ளி விட்டதும் காலி வகுப்பில் உட்காருவோம். விதூஷகன் போனான், அந்தப்புரம் போனது, பாட்டுகள் எல்லாம் போயின. "அக்கா, இது ரொம்ப நன்றாக இருக்கிறதே" என்று நான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், "நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதே, கமலம். அது இல்லாமல் நாடகம் நிற்குமா என்று பார்" என்பார். அடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

தங்கை வேஷத்துக்குத் தேனாம்பேட்டையிலிருந்து வரும் தனத்தைத் தேர்ந்தெடுத்தார். வெண்கல மணி போன்ற குரல் அவளுக்கு. அவளுடைய அண்ணன் மறியல் செய்து ஜெயிலில் இருந்தான் என்பது எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும் என்பது ஒத்திகை தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் வராந்தா பெஞ்சில் ஓர் ஆள் குடையோடு உட்கார்ந்திருந்தார். யாருடைய தகப்பனாரோ என்று நினைத்தோம். மறுநாளும் வந்தார். தனம் சபைக்கு வந்து, "நீதி சொல்ல வேண்டியவனே கொலை செய்தால் நான் யாரிடம் போவேன்?" என்று கேட்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அன்று நாங்கள் கச்சேரி ரோடு வழியாக வீட்டுக்கு நடந்தபோது அந்தக் குடை பின்னாலேயே வந்தது. "திரும்பாதே கமலம், மப்டி போலீசு. தபால்பெட்டிகிட்டேர்ந்து வந்துகினே கீறான்" என்றார் ஞானம்மாள். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நானும் திரும்பவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். "இது சர்க்கார் கிராண்ட் வாங்கற ஸ்கூல், ஞானம்மா. நாளைக்கு இதை மூடிட்டா இத்தனை பொண்களும் ஆத்துல உட்கார வேண்டியதுதான். அந்த சபைக் காட்சியில தங்கை பேசற ஒரு வார்த்தைகூட இருக்கப்படாது. புரிஞ்சுதா?"

வகுப்புக்குத் திரும்பி வந்து ஞானம்மாள் பிரதியில் சபைக் காட்சியைப் பிரித்து வைத்தார். "அந்தக் காட்சியையே எடுத்துவிடலாம் அக்கா" என்றேன்.

"எடுத்துட்டா ராஜா இன்னாத்துக்குச் சாவணும்? சும்மா மயக்கம் போட்டா வுழுறான்?"

"அப்படியானால் போட்டிக்கே போக வேண்டாம். உங்களுக்குப் பயமாக இல்லையா?"

"பயமாத்தான் கீது. பயம் போனப்புறம் செய்யலாம்னு இருந்தா நான் ஒரு நாள்கூட வூட்டைவுட்டு வந்திருக்க மாட்டேன். பயந்துகினே செய்வோம்."

பிறகு, தங்கையின் வசனம் முழுவதையும் ஒரே கோடாக அடித்தார். காட்சியை அடிக்கவில்லை. தங்கை சபைக்கு வருவாள். அண்ணனுடைய ரத்தக்கறை படிந்த தலைப்பாகையை ராஜாவின் காலடியில் வைப்பாள். நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவ்வளவுதான். தலைமை ஆசிரியை கேட்டபடியே ஒரு வார்த்தைகூட இல்லை.

தனம் அழுதுவிட்டாள். "என் வசனம் பூரா போயிடுச்சே, டீச்சர்!"

"வசனம்தான் போயிற்று. நீ போகவில்லையே? போய் நில்" என்றார்.

போட்டி நாளன்று, மயிலாப்பூரில் இருந்த அந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் கல்வி அதிகாரிகள். பக்கவாட்டுச் சுவரோரம் குடைக்காரரும் அவரைப் போன்ற இன்னும் சிலரும். திரைக்குப் பின்னால் ஞானம்மாள் புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். தனம் உள்ளே போனாள். தலைப்பாகையை வைத்தாள். நின்றாள்.

அந்த மௌனத்தை எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் வரவேண்டிய வசனம் மண்டபத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அவள் சொல்லாததை அவர்களே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்கள் போலிருக்கிறது. ராஜாவாக நடித்த பெண் உண்மையாகவே சிம்மாசனத்தில் பின்னால் நகர்ந்தாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ உரத்த குரலில் ஒரு கோஷம் போட்டார். அதைத் தொடர்ந்து பத்துக் குரல்கள். நாற்காலிகள் சரிந்தன. வாசலில் தடிகள் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

மேடையில் பிள்ளைகள் அலறினார்கள். தனம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அசைய முடியாமல்தான் நின்றாள் என்று பிறகு சொன்னாள். நான் திரையை இழுக்கப் போனேன். அதற்குள் ஞானம்மாள் மேடைக்குள் நடந்து போய்விட்டார். இடி இடித்தால் மேசைக்கு அடியில் குனிகிறவர், அத்தனை பேர் முன்னால் போய்த் தனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உடம்பு நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ராஜாவைப் பார்த்து, "செத்துப்போடி! சீக்கிரம் செத்துப்போ!" என்று அதட்டினார். ராஜா விழுந்தாள். நாடகம் முடிந்தது. அதன் பிறகுதான் திரை விழுந்தது.

அன்றே அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். எங்கள் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா."

"ஒண்ணும் சொல்லாமலா அத்தனை பேரும் கத்தினானுங்க?"

"அதைக் கத்தினவர்களைத்தான் கேட்க வேண்டும், ஐயா."

நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிரதியில் அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. எங்களை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "அம்மாக்கு இன்னா சொல்றது கமலம்?" என்று கேட்டு அழுதார்.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில், உடல்நிலை காரணமாக என்று எழுதி வாங்கிக்கொண்டு நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது. குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாதாகோவில் பள்ளியில், பாதிச் சம்பளத்துக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். தங்கைகளுக்கு அதிலேயே கல்யாணம் செய்துவைத்தார். அன்று அவர் செய்ததை இன்று எழுத முடிகிறது. அன்று வாய்விட்டுப் பாராட்டக்கூட எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

போன வாரம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஜுரத்தில் உருகிப்போயிருந்தார். "தனம் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்றேன்.

"பேசுகிறாளா?"

"வாய் ஓயாமல் பேசுகிறாள், அக்கா. மாமியார்தான் மௌனம்."

சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது. நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். கேள்வி கேட்டதும் சில பெண்கள் எழுந்து வாய் திறக்காமல் நிற்பார்கள். முன்பெல்லாம் அதட்டுவேன், இல்லையென்றால் பதிலை நானே சொல்லி உட்காரவைப்பேன். இப்போது காத்திருக்கிறேன். நேற்று ஒரு பெண் அப்படி நின்றாள். மற்றவர்கள் நெளிந்தார்கள். மணி அடித்தது. நான் புத்தகத்தை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பேசினாள்.