அப்பா சத்தம் போட்டது உண்மைதான்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் அருமை பெருமைகளை நாலு பக்கத்தில் எழுதிக் கொடு என்று அண்ணன் என்னிடம் சொன்னார். கூடவே, "அந்தக் கடல் விஷயத்த மட்டும் தொடாத. காரியத்துக்கு வரவங்க கையில குடுக்கிற புஸ்தகத்துல சண்ட எதுக்கு?" என்றும் சொன்னார். அண்ணன் பேச்சை இதுவரை நான் தட்டியதில்லை. இந்த ஒருமுறை தட்டுகிறேன். கடலை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் அப்பாவைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அப்பா சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தார். தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டதால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பதிமூன்று வயதில் கரும்பு வெட்டும் ஆட்களோடு கொடுவாளைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து மரவள்ளி போட்டார், மக்காச்சோளம் போட்டார், கடைசியில் சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கிக் கரும்பே போட்டார். நாற்பது வருடம் எங்கள் பக்கத்தில் கரும்பு ஏற்றுகிற இடங்களில் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பெட்டி வயலை விட்டு வெளியே வரும்போது ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். பாரம் சாயத் தொடங்கும். அப்போது ஆட்கள் ஓடிப்போய், தூக்கிக்கொண்ட பக்கத்தில் தொற்றி ஏறி, கயிற்றைப் பிடித்துத் தொங்குவார்கள். அவர்கள் எடையில் பெட்டி நேராகிவிடும். யோசிக்க நேரமில்லாத வேலை. "மேட்டுப் பக்கம் ஏறு! மேட்டுப் பக்கம்!" என்று அப்பா ஒரு சத்தம் போட்டால் நாலு வயல் தள்ளி இருப்பவனும் ஓடிவருவான். இப்படி அப்பா நிமிர்த்திய பெட்டிகள் எத்தனையோ. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அதை நேரில் பார்த்தவர்கள்.

அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். வரப்புத் தகராறில் சொந்தப் பங்காளிக்கு எதிராகவே சாட்சி சொன்னவர். நினைவு மலரில் இதைப் பெருமையாக எழுத வேண்டும். எனக்கு அந்த நேர்மையின் மேல் இன்றுவரை கோபம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ராமேசுவரம் வந்து தீர்த்தமாடுகிறோம் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அதுவரை ஒரு வெளியூர்ப் பயணம் போனதில்லை. இருவரில் யாரும் கடலைப் பார்த்ததும் இல்லை. திருநாவலூர் பக்கத்திலிருக்கும் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, "நாங்களும் வரோம்" என்று அத்தையையும் அழைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். அப்பாவுக்கு மாமா மைத்துனர் மட்டுமல்ல, கூடப் பிறக்காத தம்பி. பொங்கல் என்றால் முதல் ஆளாக எங்கள் வீட்டில் இருப்பார். எங்கள் கிணற்றில்தான் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குதிப்பார்கள்.

தீர்த்தமாடல் நல்லபடியாக முடிந்தது. திரும்புகிற வழியில் ஒரு கடற்கரை ஊரில் இறங்கினார்கள். வழக்கு நடப்பதால் ஊர் பெயரை எழுதவில்லை. அங்கே சுற்றுலாப் படகு ஓடுகிறது. "வந்ததே வந்தோம், கடல் மேல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம் மச்சான்" என்று மாமாதான் ஆசைப்பட்டார். பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்த படகில் இருபதுக்கு மேல் ஏற்றினார்கள். மிதவைச் சட்டைகளை ஒரு சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, முன்பக்கம் போட்டிருந்தார்கள். அத்தை அதைக் காட்டிக் கேட்டிருக்கிறார். "பத்து நிமிஷ ரவுண்டுக்கு அது எதுக்கும்மா? அதப் போட்டுக்கினு போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றானாம் படகோட்டி. எவ்வளவு அக்கறை பாருங்கள், போட்டோ நன்றாக வர வேண்டுமாம்.

போகும்போது ஒன்றுமில்லை. கரைக்குத் திரும்புவதற்காகப் படகை வளைத்தபோது அலை பக்கவாட்டில் அடித்தது. இடது பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது, வலது பக்கம் தூக்கிக்கொண்டது. பெண்கள் அலறினார்கள். படகோட்டி வாயடைத்து நின்றான். அப்பா எழுந்து, நாற்பது வருடமாகப் போட்ட அதே சத்தத்தைப் போட்டார்.

"எல்லாரும் மேட்டுப் பக்கம் ஏறுங்க! மேட்டுப் பக்கம்!"

ஆமாம், அப்பா சத்தம் போட்டார். நான் மறைக்கவில்லை. அந்தக் குரலுக்கு முன்பின் தெரியாதவர்களும் கட்டுப்பட்டு வலது பக்கம் பாய்ந்தார்கள். அதே நேரத்தில் அடுத்த அலை இடது பக்கத்தைத் தூக்கிவிட்டது. சேற்றில் புதைந்த சக்கரம் புதைந்த இடத்திலேயே இருக்கும். கடல் அப்படி இருக்காது என்று எங்கள் அப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? படகு வலது பக்கமாகப் புரண்டு கவிழ்ந்தது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு வள்ளங்களில் பாய்ந்து வந்து, கவிழ்ந்த படகின் மேல் தொற்றிக்கொண்டிருந்தவர்களையும் தண்ணீரில் தத்தளித்தவர்களையும் தூக்கினார்கள். அப்பா, அம்மா, அத்தை மூவரும் பிழைத்தார்கள். மாமா மறுநாள் காலையில்தான் கரைக்கு வந்தார்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஒருவர் வாயால் சொல்வது காகிதத்தில் ஏறும்போது என்னவாக மாறும் என்று தினமும் பார்ப்பவள். காவல் நிலையத்தில் அப்பா கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தேன். "நான் கூச்சலிட்டதில் ஏனையோர் ஒரே பக்கமாக ஓடியதால் படகு கவிழ்ந்தது" என்று இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. இருபது பேருக்கு மேல் ஏற்றியது அதில் இல்லை. சாக்கு மூட்டை இல்லை.

"சாக்கப் பத்திச் சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அவங்க கேக்கலியேம்மா."

"கேக்கலன்னா சொல்லக் கூடாதா? மொத்தத்தையும் உங்க தலையில எழுதிக்கினு வந்திருக்கீங்களே!"

"நான் கத்துனது நெசமா, இல்லியா?" என்றார். படகு உரிமையாளர் தரப்பு இன்றுவரை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

அவர்களாவது அன்னியர்கள். மாமாவின் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று தெருமுனையிலேயே அவருடைய பெரிய மகன் அப்பாவை மறித்தான். "எங்கப்பன கடல்ல வுட்டுட்டு, தம் பொண்டாட்டிய மட்டும் இட்டுக்கினு வந்துட்டாரு. நீச்சல் தெரிஞ்ச ஆளுதான? இங்க இன்னா வேல?" என்று எல்லாரும் கேட்கக் கத்தினான். அப்பா மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி நடந்தார். அன்று அந்தத் தெருவில் நின்றவர்களில் நிறையப் பேர் இந்த மலரை வாங்குவீர்கள். ஒருவராவது வாயைத் திறந்தீர்களா?

வாயைத் திறந்தீர்கள், பிறகு. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில், "கரும்பு வண்டின்னு நெனச்சிக்கினாரு போல" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. எதிர்ப் பந்தியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் போகவில்லை. அந்த வருடம் எங்கள் சொந்த வயலிலேயே ஒரு டிராக்டர் பெட்டி சாய்ந்தது. ஆட்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். கரும்பு மொத்தமும் வாய்க்காலில் சரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். எங்கள் அப்பாவை நீங்கள் ஊமையாக்கிவிட்டீர்கள்.

ஒரு நாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது அறுபத்து நான்கு.

போன வருடம் அப்பாவின் காரியத்தன்று நடந்ததை இனிச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை வர வேண்டும். மாமா இல்லாததால் அவருடைய மகன்கள் கொண்டுவர வேண்டும். நாங்கள் சொல்லி அனுப்பியும் அவர்கள் வரவில்லை. அம்மாவை மனையில் உட்காரவைத்துவிட்டு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "என் தம்பி இருந்தா மொத ஆளா வந்திருப்பான்" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். வேறு யாரிடமாவது வாங்கிப் போட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கியபோது, மூன்று பஸ் மாறி, கையில் துணிக்கடைப் பையோடு அத்தை தனியாக வந்து நின்றார்.

"தாலியறுத்தவ கோடி கொண்டாரலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா தலையைத் தூக்கி, "அவ கொண்டாந்ததுதான் எனக்கு வோணும்" என்றார். அந்தப் புடவையைத்தான் அம்மாவுக்குப் போட்டோம்.

எல்லாம் முடிந்தபின் அத்தை என்னையும் அம்மாவையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"படகு கவுந்ததும் உங்கப்பா மொதல்ல அண்ணியத்தான் இழுத்து மேல போட்டாரு. நெசம். அப்பறம் திரும்பி வந்து எங்க வூட்டுக்காரரு கையப் புடிச்சிட்டாரு. நான் பாத்தேன். அவருதான் கைய உதறிட்டு, 'என்ன வுடு மச்சான், அவளப் புடி, நான் வந்துடுவேன்'னாரு. நான் முழுவிக்கினு இருந்தேன். உங்கப்பா என் தலமயிரப் புடிச்சி இழுத்தாந்து மேல போட்டாரு. திரும்பிப் பாத்தா, அங்க யாருமே இல்ல."

அன்று படகின் மேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தவர் அம்மா. இது எதுவும் அவருக்குத் தெரியாது.

"மீனவங்கதான் தூக்குனாங்கன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே அத்த!" என்றேன்.

"படகு மேலருந்து தூக்குனது அவங்கதான? அதத்தான் சொன்னேன். மீதியச் சொன்னா, 'எங்கப்பன முழுங்கிட்டு நீ பொழச்சி வந்தியா'ன்னு என் புள்ளைங்களே கேப்பாங்களே. அவங்க போடற சோத்தத்தான துன்றேன்? உங்கப்பாவே போன் பண்ணி, 'நீ சொல்லிடாத தங்கச்சி. பசங்க ஒன்ன வெறுத்துடுவாங்க. நான் வெளி ஆளு, என்ன வெறுத்தா வெறுத்துட்டுப் போவட்டும்'னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. "எங்கப்பா உசுரோட இருக்கும்போது சொல்லியிருந்தா அவரு காதால கேட்டிருப்பாரே! இப்ப யாருக்கு சொல்றீங்க?" என்று கத்தினேன். அத்தை அழவில்லை, கோபப்படவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை மேல் மட்டுமல்ல, அப்பா மேலும் எனக்குக் கோபம். நிஜத்தை மட்டுமே பேசுவேன் என்று காவல் நிலையத்தில் தன்னையே காட்டிக்கொடுத்தவர், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு நிஜத்தை மட்டும் எப்படி மறைத்தார்? பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லையே.

போன மாதம் நான் திருநாவலூர் பக்கம் போய் அத்தையைப் பார்த்தேன். மலரில் எழுதப் போகிறேன், உங்கள் மகன்களும் படிப்பார்கள் என்றேன்.

"எழுது. நான் சொன்னேன்னே எழுது. அந்தச் சாக்கு மூட்டையப் பத்தி கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன். என்னிக்குக் கூப்புடுவாங்கன்னு மட்டும் போன் பண்ணு" என்றார்.

எழுதிவிட்டேன்.

இனி நன்றி. அன்று எங்களுக்காக வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மீனவர்களுக்கு நன்றி. அவர்கள் பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை, அதற்காக மன்னிக்க வேண்டும். நனைந்து நடுங்கிய அம்மாவுக்குத் தன் புடவையைக் கொடுத்துக் கட்டிவிட்ட மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு நன்றி. அப்பாவைத் தூக்கி வண்டியில் ஏற்றிய அக்கம்பக்கத்தாருக்கும், துக்கம் விசாரிக்க மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த அப்பாவின் கரும்பு வெட்டுக் கூட்டாளிகளுக்கும், அனைத்துக் காரியங்களையும் முன்னின்று நடத்திய ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தியில் சிரித்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

அத்தைக்கு நன்றி சொல்லலாமா என்று மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். இன்னும் மனசு வரவில்லை.

இந்த மலரின் முதல் பிரதியை மாமாவின் மகன்கள் இருவருக்கும் அனுப்புகிறேன். உங்கள் அப்பா தன் கையை உதறிக்கொண்டு உங்கள் அம்மாவைப் பிழைக்க வைத்தார். எங்கள் அப்பா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார், அதற்காக உங்களிடம் வாங்கிய ஏச்சோடு போய்ச் சேர்ந்தார். படித்துவிட்டு உங்கள் அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசினாலும் எங்கள் அப்பா செய்தது வீணாகிவிடும். அப்படிப் பேசினால் அத்தையை அழைத்துப்போக நானே வருவேன், எங்கள் வீட்டில் அவருக்குச் சோறு இருக்கிறது.