அடும்புப் பூவுக்காக நகர்த்திய படகு

பூக்களைப் படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் முதலில் வருகிற பேச்சு, பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான். இப்போது யாராவது அதைச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. யாரைத் துடைத்துவிட்டு அந்தச் சுத்தம் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது. பிடிக்க வேண்டிய முதல் சட்டை என்னுடையது என்பதால், நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் லாரி நம்பர், சீல் நம்பர், கேட் பாஸ் என்று போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்னுடையது. வீட்டில் எல்லாரும் எழுந்து காபி கேட்பதற்கு முன்னால் கேமராப் பையை மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் போய்விடுவேன். நான் இருக்கிற புகைப்படக் குழுவில் ஒரு பெரிய மனிதர், "எண்ணூர்ல பூவா? அங்க புகையைத்தானே எடுக்க முடியும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். வருஷா வருஷம் மலைக்கு வேன் பிடித்துப் போய், ஒரே ரோஜாவைச் சுற்றிப் பத்துப் பேர் முட்டி போட்டு எடுக்கிற கூட்டம் அது. அந்தச் சிரிப்புக்காகவே எண்ணூரை விட்டு வேறெங்கும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

ஆற்றங்கரையில் ஒரு மணல்மேடு. அதில் அடும்புக்கொடி படர்ந்து கிடக்கும். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாவும் ரோஸும் கலந்த பூ. வெயில் ஏறினால் சுருண்டுவிடும், அதனால் சீக்கிரம் போக வேண்டும். பூவுக்குப் பின்னால் பார்த்தால் சிம்னிகள், மின்கம்பிகள், சாம்பல் தண்ணீர் போகிற குழாய். பக்கத்தில் பார்த்தால் படகு, காய்கிற வலை, தெர்மோகோல் துண்டு, நண்டுக் கூடை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பூவை மட்டும் பிரித்தெடுப்பதுதான் எனக்குச் சவாலாக இருந்தது.

அதற்கு வழிகள் உண்டு. கேமராவில் தெரிகிற படச் சட்டத்தை நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாக மனதில் பிரித்துக்கொள்ள வேண்டும். பூவை நடுவில் வைக்கக் கூடாது, கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் வைக்க வேண்டும். பூ எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வெற்றிடம் விட வேண்டும். வயிற்றை மணலில் போட்டுப் படுத்துக்கொண்டால் சிம்னி இதழுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மிச்சமெல்லாம் வானம். லென்ஸை நன்றாகத் திறந்து வைத்தால் குழாயும் கம்பியும் கரைந்து சாம்பல் நீலமாகிவிடும். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நான்கு மூலையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், எங்கிருந்தாவது ஒரு கயிறு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகக் கை வந்தது. குழுவில் என் படங்களைப் பார்த்து, "இது நிஜமாவே எண்ணூரா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அந்த மேட்டில் படகைக் கட்டிப்போடுகிறவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஆற்றில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர். அவருடைய அப்பாவும் அதே மேட்டில்தான் வலை காயப்போட்டவராம். முதல் நாள் நான் குப்புறக் கிடந்ததைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். "இன்னா தங்கச்சி, மயக்கமா? தண்ணி எட்தாரட்டா?" என்றார். பூவை எடுக்கிறேன் என்றதும், "இத்தயா? இத்த நாங்க மெதிச்சிக்கினு போறோம்" என்று சிரித்தார்.

அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன். "அண்ணா, படகைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ள முடியுமா? மூலையில தெரியுது." தள்ளினார். வலையையும் சுருட்டச் சொன்னேன், சுருட்டினார். நண்டுக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவியை, "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று எழுப்பினேன். அண்ணி எழுந்து போனாள். காற்றில் பூ ஆடினால் அண்ணா தன் துண்டைத் திரை போல் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். சட்டத்துக்கு ஒரு முழம் வெளியே. மூன்று வருஷ ஞாயிறுகள் இப்படியே போயின.

போன வருஷம் ஒரு இயற்கைப் புகைப்படப் போட்டிக்கு அந்தப் பூவை அனுப்பினேன். படத்துக்கு ஒரு தலைப்பு எழுத வேண்டும் என்றார்கள். கொஞ்சம் கவிதையாக இருக்கட்டும் என்று, 'மனிதர் காலடி படாத எண்ணூர் கரை' என்று எழுதினேன். அந்தக் கரையில் அண்ணாவின் காலடி படாத இடம் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. எழுதுகிறபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டாம் பரிசு வந்தது, கேமராவை நிறுத்துகிற முக்காலி ஒன்று கொடுத்தார்கள். அண்ணா வீட்டுக்கு ஒரு பெட்டி ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அண்ணா ரோட்டில் நின்றார். கையில் ஒரு தடித்த புத்தகம். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, உன் பூ பொஸ்தகத்துல வந்துகீது. ஊர்ப் பஞ்சாயத்துல குட்தாங்க. நான் பாத்த ஒடனே சொல்ட்டேன், இதுக்குக் காத்து மறைச்சது நான்தான்னு."

வாங்கிப் பார்த்தேன். மேட்டை ஒட்டி ஒரு கம்பெனி சரக்கு யார்டு கட்டப்போகிறது, அதற்காகக் கம்பெனி கொடுத்த சுற்றுச்சூழல் அறிக்கை அது. 'திட்ட இடத்தின் தற்போதைய நிலை' என்ற பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு என் பூ. அடியில் என் தலைப்பு, ஒரு எழுத்து மாறாமல். அதற்கும் கீழே, இந்தக் கரையில் மீன்பிடிப் பயன்பாடு எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரி. அண்ணா படத்தைத்தான் பார்த்திருக்கிறார், வரிகளைப் படிக்கவில்லை. நான் படித்துக் காட்டினேன். படிக்காமல் ஓடிப்போயிருக்கலாம் என்று இருந்தது.

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "அப்ப நான் எங்க பூட்டேனாம்?" என்றார். பிறகு, "யார்டு வந்தா போட்டை எங்க கட்றது?" என்று, என்னைக் கேட்காமல், படகைப் பார்த்துக் கேட்டார்.

போட்டி நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவன் தேன் தடவிய குரலில், "மேடம், படத்தை நாங்க யாருக்கு வேணாலும் கொடுக்கலாம்னு நீங்க டிக் பண்ணியிருக்கீங்க" என்றான். உன் டிக்கைக் கொண்டுபோய் ஆற்றில் போடு, அங்கே ஒரு குடும்பம் பிழைக்கிறது என்றேன். "கோபப்படாதீங்க மேடம்" என்றான். கோபப்படாதே என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும்.

சரி, ஆதாரம் நம்மிடமே இருக்கிறதே என்று என் ஹார்டு டிஸ்க்கை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வருஷத்துப் படங்கள். ஒன்றிலாவது படகு முழுசாக இருக்கும், ஒன்றிலாவது அண்ணாவின் முகம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. மூலையில் கயிறு எட்டிப் பார்த்த படங்களையெல்லாம் அன்றன்றே அழித்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்கு. கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு படம். அதில் இலையின் மேல் துண்டின் நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, என்னைச் செருப்பால் அடிக்க ஆளில்லையே என்ற ஆத்திரத்தில்.

யார்டு பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற அரசாங்கக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அண்ணா எழுந்து, "எங்க அப்பா காலத்துலேந்து அங்கதான் சார் போட் கட்றோம்" என்றார். கம்பெனி ஆள் பணிவாகவே அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். "இது நாங்க எடுத்த படம் இல்ல சார். இயற்கை ஆர்வலர் ஒருத்தர் எடுத்தது. அவங்களே எழுதியிருக்காங்க."

நான் எழுந்தேன். "அந்த ஒருத்தர் நான்தான். நான் எழுதுனது பொய். இவரு படகோட அங்கதான் இருந்தாரு. நான்தான் தள்ளச் சொன்னேன், படம் அழகா வரணும்னு."

மேடையில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தள்ளச் சொன்னதுக்கு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களாம்மா?"

நிழல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நிழல்தானேம்மா" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணியும் கரைக்காரப் பெண்களும் எழுந்து கத்திய கத்தலில்தான், நேரில் வந்து பார்த்துப் படம் எடுத்துப் பதிவு செய்கிறோம் என்று அவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பதிவைப் பொறுத்துத்தான் அறிக்கையில் மீன்பிடிப்பு இல்லை என்கிற அந்த வரி நிற்கும் அல்லது போகும் என்றும் சொன்னார்.

சொன்ன நாளில் வந்தார்கள். காலை வேளை, மேடு முழுக்கப் பூ. படகு கரையில் கிடந்தது, வலை காய்ந்தது, அண்ணி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, நான் நிம்மதியாக அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கூட்டிவந்த புகைப்படக்காரர் மேட்டுக்கு எதிரே போய் நின்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அவ்வளவுதான். அண்ணா படகின் மூக்கைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். வலையை வாரித் தோளில் போட்டார். அண்ணிக்குக் கண்ணைக் காட்ட, அவளும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கேமராவைப் பார்த்ததும் கை தானாகச் செய்த வேலை. சட்டத்துக்கு ஒரு முழம் வெளியே போய் நின்றுகொண்டு, "இப்ப சரியா கீதா சார்?" என்று வேறு கேட்டார். புகைப்படக்காரர், "சூப்பர்ணா, க்ளீனா இருக்கு" என்று அமுக்கினார்.

நான் கத்தினேன். லாரிக்காரர்களிடம்கூட அப்படிக் கத்தியதில்லை. "அண்ணா, திரும்பி வாண்ணா. படகை இழு. வலையை விரி. பூவை மிதிச்சாலும் பரவாயில்ல, நடுவுல வந்து நில்லு."

அண்ணா திகைத்துப்போனார். பிறகு கொடியையும் பூவையும் மிதித்துக்கொண்டு வந்து, படகை இழுத்துப் போட்டுவிட்டு, சட்டத்தின் நட்டநடுவில் நின்றார். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. துண்டை எடுத்து விரிக்கப் போனார், எதற்கு என்று புரியாமல் மறுபடி தோளில் போட்டார். "நான் தெரியறனா தங்கச்சி?" என்று கேட்டார்.

தெரிகிறீர்கள் என்று தலையை ஆட்டினேன். படம் எடுத்து முடித்ததும் புகைப்படக்காரரிடம் போய், முதலில் எடுத்ததை அழிக்கச் சொன்னேன். "அதுதான் மேடம் நல்லா வந்திருக்கு" என்றார் அவர். அவர் அதை அழிக்கிறவரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.