சார் கொக்கி

கொடியில் ஹேங்கர் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று அடித்தால் எல்லாச் சட்டையும் வழுக்கிக்கொண்டு போய் ஒரே மூலையில் கும்பலாகச் சேர்ந்துவிடும். சாயங்காலமானாலும் ஈரம் போகாது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலி மைன்ஸில் ஃபோர்மேன் வேலை. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது யூனிஃபார்ம் ஈரமாக இருந்தால் திட்டு எனக்குத்தான். கொடிக்கா விழும்?

ஒருநாள் பொறுக்க முடியாமல், பழைய சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பியைப் பிடுங்கிக் கட்டிங் பிளேயரால் வளைத்தேன். கயிற்றின்மேல் சுற்றிக்கொள்ள ஒரு சுருள், கீழே தொங்க ஒரு வளையம். சுருளில் இரண்டு சுற்று இருந்தபோது வழுக்கியது. மூன்றாவதில் இறுக்கிப் பிடித்தது. வளையத்தில் ஹேங்கரை மாட்டினால் எந்தக் காற்றுக்கும் நகராது. அன்று எனக்கு வந்த கர்வம் பிள்ளை பெற்றபோதுகூட வந்ததில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண், முத்தாண்டிக்குப்பத்துக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார் செஞ்சிக் குடுத்தாருங்களா? எங்க வூட்டுக்கும் நாலு கேட்டு வாங்கித் தாங்கக்கா."

"நான்தான் செஞ்சேன்."

"போங்கக்கா, வெளாடிக்கினு!"

மைன்ஸ்காரர் வீட்டில் ஓர் இரும்பு வளைந்திருந்தால் அதை வளைத்தது அவராகத்தான் இருக்க வேண்டும். டவுன்ஷிப்பில் யாருக்கும் அதில் சந்தேகம் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் வளைத்துக் கொடுத்தேன். பிளாக் முழுக்க அதற்கு 'சார் கொக்கி' என்று பெயர் விழுந்தது. புகழ்ந்தவர்களிடம் இவர், "சும்மா ஒரு ஐடியாதான்" என்று சிரித்தார். வீட்டுக்குள் நான் சண்டை போட்டபோது, "யார் செஞ்சா என்ன, துணி காயுதுல்ல?" என்றார்.

இவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு பிடித்தோம். போன மாதம் கொடிக்கயிறு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கல்லாவுக்கு மேலே பாலிதீன் பையில் என் கொக்கி தொங்கியது. கம்பிதான் வேறு.

"சார் கொக்கிங்க. நெய்வேலி பக்கம் நல்லா போவுது" என்றார் கடைக்காரர்.

"அது நான் கண்டுபிடிச்சதுதான்" என்றார் இவர். கூச்சமே இல்லை. பொய் சொல்கிற முகமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவரே நம்பிவிட்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். "இதுல ரெண்டு சுத்துதான் இருக்கு. வழுக்கும். மூணு சுத்தணும்."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மாவுக்கும் நல்லா கத்துக் குடுத்துருக்கீங்க சார்."

இவர் தலையாட்டினார்.